ஐந்து பேருக்குப் பன்னிரண்டு கொத்து

“கையை எடுங்கோ அண்ணை! அந்தப் பானையிலை இருந்து கையை எடுங்கோ எண்டு சொல்லுறன்!”

“எடுக்கமாட்டன். என்ன செய்வாய்?”

“அது என்ரை பிடியரிசி!”

“உன்ரை அரிசியோ? எந்த வயலிலை விதைச்சனீ? எந்தச் சந்தையிலை வாங்கினனீ? இந்தக் குசினிக்குள்ளை இருக்கிற உப்புக்கல்லும் என்ரை காசு. தெரியுமோ?”

தில்லைநாதனுடையது இயல்பிலேயே கூட்டத்துக்கு ஏற்ற குரல். கிராமச் சங்கத்துக்குக் காரியதரிசியாக வந்தபின் வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார். மூன்று வீட்டு வளவு தாண்டிக் கேட்கும். ஆனால் அவருடைய தங்கை அன்னபாக்கியத்தின் குரலை அன்றுவரை குடியேற்றத் திட்டத்தின் மூன்றாம் யூனிற்றில் எவரும் கேட்டதில்லை. ஆகவே வேலிக்கு அப்பால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த இரஞ்சிதம், யாரோ வெளியூர்க்காரி வந்து சண்டை பிடிக்கிறாள் என்றே முதலில் நினைத்தாள். பிறகு தென்னோலைக் கிடுகு வேலிக்குள்ளால் பார்த்தாள். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லையாம்; கிடுகு தானாகவே விலகியிருந்ததாம்.

உள்ளே குசினி வாசலில் அண்ணனும் தங்கையும் ஒரு மண்பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தில்லைநாதனுக்கு நாற்பத்திரண்டு வயது, அன்னபாக்கியத்துக்கு முப்பத்தொன்று. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. கோபம் வந்தால் அந்த மூக்கு நுனி சிவக்கும், இரண்டும் சிவந்திருந்தன. தில்லைநாதனின் மனைவி ஜெகதீஸ்வரி கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவர் மாதிரி நின்றாள்.

“மச்சாள், விடுங்கோவன். குடும்பம் எண்டால் எல்லாரும் ஒத்துப் போகவேணும். அவர் என்ன, தன்ரை வயித்துக்கோ எடுக்கிறார்?”

“அப்ப ஆரின்ரை வயித்துக்கு?”

“வயித்துக்கு இல்லை, கணக்குக்கு” என்றார் தில்லைநாதன்.

அந்த மறுமொழியைக் கேட்டு அன்னபாக்கியத்தின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அந்த ஒரு கணம் அவருக்குப் போதும். பானையைப் பறித்து, பக்கத்தில் தயாராக வைத்திருந்த பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் கவிழ்த்தார். கொத்துப் படியால் அளந்தால் பதினாலு கொத்து அரிசி. தகரத்தின் நெற்றியில் ‘சேமிப்பு’ என்று சிவப்பு மையால் அவரே எழுதியிருந்தார். எழுத்து இன்னும் காயவில்லை. அவருடைய வேட்டியிலும் ஒரு ‘சே’ ஒட்டியிருந்தது.

பிடியரிசி என்றால் அந்தப் பகுதியில் ஆருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. உலையில் அரிசி போடுமுன் சமைக்கிறவள் ஒரு பிடி அள்ளி வேறு பானையில் போட்டுவைப்பாள். சிலர் அதைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுப்பார்கள், சிலர் பஞ்சத்துக்கு வைப்பார்கள், சிலர் விற்றுச் சீலை எடுப்பார்கள். என்ன செய்தாலும் அது சமைக்கிறவளின் பாடு. குடித்துவிட்டுப் பெண்சாதியை அடிக்கிறவன்கூட அந்தப் பானைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தக் குளத்தடிக்குக் குடியேறி வந்தபோது சனங்கள் மண்வெட்டியை மறந்துவிட்டு வந்திருக்கலாம், இந்த வழக்கத்தை மறந்து வரவில்லை.

தில்லைநாதனும் மறந்தவரல்லர். மறக்கவேண்டிய தேவை அவருக்கு வந்துவிட்டது. அதுதான் விஷயம்.

ஆறு மாதத்துக்கு முன், அறுபத்தோராம் ஆண்டு கார்த்திகையில், அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா துணுக்காய்ப் பக்கம் வந்து, குடும்பங்கள் திட்டமிட்டுச் செலவு செய்வது எப்படி என்று பள்ளிக்கூடக் கொட்டிலில் ஒரு மணித்தியாலம் பேசினார். கேட்ட நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தில்லைநாதன் மட்டும் போகிற வழியில் கடதாசியும் கோடு போடுகிற தடியும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கே வீட்டில் ‘குடும்பக் கூட்டம்’ நடந்தது. அவரே தலைவர், அவரே காரியதரிசி. திட்டம் எழுதிய தாள் குசினிச் சுவரில் ஏறியது. மாதத்துக்குக் கடைச் சாமான் நாற்பத்திரண்டு ரூபாய், அதற்குமேல் ஒரு சதமும் இல்லை. சீனி இவ்வளவு, தேயிலை இவ்வளவு, மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம். தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்கக்கூடாது. ஆளுக்கு அரைக் கரண்டி உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கவேண்டும். தேங்காய் நாளுக்குப் பாதி. அவருடைய சுருட்டு மட்டும் அந்தத் திட்டத்தில் எங்கும் காணப்படவில்லை. அது உணவுப் பொருள் அல்ல என்று விளக்கம் சொன்னார். மூன்றாம் யூனிற்றில் அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘நிதி மந்திரி’.

திட்டத்தைப் போட்டவர் அவர். கொண்டு நடத்தியவள் அன்னபாக்கியம்.

ஐந்து வருடத்துக்கு முன், தாய் செத்த பிறகு, ஜெகதீஸ்வரியின் பேறுகாலத்துக்கு உதவி என்று அழைத்து வரப்பட்டவள் அவள். அந்தப் பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. அதற்குப் பிறகு இன்னொன்றும் பிறந்துவிட்டது. அவள் உலையடியில்தான் இருந்தாள். நாற்பத்திரண்டு ரூபாய்க்குள் ஆறு வயிற்றை ஓட்டுவதற்கு அவள் பட்ட பாட்டை அந்தக் குசினிப் புகைதான் கண்டது. தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையை வறுத்துச் சம்பலாக்கினாள். வெண்டிக்காய் நட்டாள், பூசணி நட்டாள், குளக்கட்டில் பொன்னாங்காணி பிடுங்கினாள். பிள்ளைகளுக்குச் சீனி போதாதபோது தன் பங்கை அவர்களின் உள்ளங்கைகளில் தட்டிவிட்டு, வெறுந்தேத்தண்ணியைக் குடித்தாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தனக்குப் போட்டாள். பானையில் என்ன கிடந்ததோ அதைப் போட்டாள்.

இவ்வளவும் செய்தது அண்ணனின் திட்டத்தில் பக்தி வந்து அல்ல. அவளுக்கு ஒரு தையல் மெஷின் வேண்டும்.

சந்தியில் கடை வைத்திருந்த அப்துல் மஜீத்தின் மனைவி மஸீனாவிடம் கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று இருந்தது. மஸீனாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. தொண்ணூற்றைந்து ரூபாய் என்று பேச்சு. அன்னபாக்கியம் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பிடியரிசியைக் கொண்டுபோய் மஜீத்துக்கு விற்று, காசைக் கையில் வாங்காமல் மஸீனாவிடமே விட்டுவிடுவாள். கோழிமுட்டைக் காசும் அங்கேதான் போனது. ஐந்து வருடத்தில் எண்பத்தெட்டு ரூபாய் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஏழு. பானைக்குள் கிடந்த பதினாலு கொத்து, கொத்து அரை ரூபாய்ப்படி, சரியாக அந்த ஏழு ரூபாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவதாக இருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் கவிழ்த்துவிட்டார்.

சண்டை அதோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. இரஞ்சிதம் மத்தியானம் உப்புக் கேட்கிற சாட்டில் போய்ப் பார்த்தாள். அன்னபாக்கியம் அடுப்படியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பிள்ளை, காலமை பெரிய சத்தம்?”

“ஒண்டுமில்லை அக்கா.”

“உன்ரை அண்ணர் அரிசியை எடுத்துப் போட்டாராம்?”

“உங்களுக்கு உப்புத்தானே வேணும்?”

அம்மியில் அவள் குழவியை இழுத்த இழுப்பைப் பார்த்து இரஞ்சிதம் உப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள். அது இரஞ்சிதத்தின் வாழ்நாளில் அபூர்வமாக நடக்கிற காரியம்.

அண்ணனுக்கு அந்த அரிசி எதற்கு என்பது அன்னபாக்கியத்துக்குச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே கந்தோர் ஐயா மறுபடி வருகிறார். ஆறு மாதமாகத் திட்டம் தவறாமல் வாழ்ந்த முன்மாதிரிக் குடும்பம் என்று தில்லைநாதன் மேடையேறித் தன் கணக்கை வாசிக்கப்போகிறார். வாசித்தால் போதாது, மிச்சம் பிடித்ததைக் காட்டவும் வேண்டும். அதற்காக அவர் புதிய பெரிய தாளில் கணக்கைச் செப்பமாகப் படி எடுத்து, மை காய்வதற்கு மேசையில் விரித்துவிட்டுப் போயிருந்தார்.

மூத்தவள் அருந்ததி, பத்து வயது, அதை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறேன் பார் என்று மாமிக்கு வாசித்துக் காட்டினாள்.

“குடும்ப அங்கத்தவர் ஐவர். கிழமைக்கு வரும் கூப்பன் அரிசி பன்னிரண்டு கொத்து. செலவு பத்துக் கொத்து. சேமிப்பு இரண்டு கொத்து.”

“முதல் வரியைத் திருப்பி வாசி பிள்ளை.”

“குடும்ப அங்கத்தவர் ஐவர்.”

“ஆர் ஆர்?”

அருந்ததி விரல் மடித்தாள். “ஐயா, அம்மா, நான், தம்பி, சின்னவன்.” ஐந்து விரலும் முடிந்துவிட்டன. பிள்ளை மாமியின் முகத்தைப் பார்த்தது. பிறகு தன் கையைப் பார்த்தது. “மாமி, உங்களை ஐயா மறந்துபோனாராக்கும்.”

மறக்கவில்லை. அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுத்த பங்கீட்டுக் கூப்பன் புத்தகம் ஒன்றுக்குக் கிழமைக்கு இரண்டு கொத்து. அந்த வீட்டில் ஆறு புத்தகம், பன்னிரண்டு கொத்து. நெல் விளைவிக்கிறவர்கள்கூட நெல்லை நல்ல விலைக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் கால் ரூபாய்க்குக் கூப்பன் அரிசி வாங்கிச் சாப்பிடுகிற காலம் அது. ஆறாவது புத்தகம் அன்னபாக்கியத்தினுடையது. அவளுடைய அரிசியைக் கணக்கில் சேர்த்தார். அவளுடைய வாயைச் சேர்க்கவில்லை. அப்படித்தான் கடதாசியில் கிழமைக்கு இரண்டு கொத்து மிச்சம் வந்தது. நிசத்தில் மிச்சம் எங்கே இருந்து வரும்? வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டார்கள், வருகிற போகிறவர்களையும் தில்லைநாதன் “இருந்து சாப்பிட்டுப் போங்கோ” என்று மறித்தார். ஆகவே காட்டுவதற்கு அரிசி இல்லை. ஆகவே பிடியரிசிப் பானை.

அன்னபாக்கியம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பானை போனபோது வந்தது கோபம்தான். கத்தினாள், மூக்குச் சிவந்தது, இரவு படுத்தால் ஆறியிருக்கும். இது வேறு. இது காலில் இருந்து ஏறியது. ஒவ்வொரு உலையிலும் அவள் அள்ளிய அந்த ஒரு பிடி எவருடைய சோற்றுக் கோப்பையில் குறைந்தது? கடைசியாகச் சாப்பிடுகிறவளின் கோப்பையில். தன் பசியில் இருந்து எடுத்த அரிசியை, தன் பெயரே இல்லாத கடதாசியை நிரப்பக் கொடுத்திருக்கிறாள். ஐந்து வருடம்!

“அண்ணை” என்றாள், அவர் வந்து கதிரையில் இருந்ததும். “இந்த வீட்டிலை எத்தனை பேர்?”

“என்ன கேள்வி இது?”

“சொல்லுங்கோ.”

தில்லைநாதன் தாளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். ஆனாலும் சங்கக் காரியதரிசி அல்லவா, சளைக்கவில்லை. “குடும்பம் எண்டால் தாய் தகப்பன் பிள்ளையள். அது கந்தோர் முறை. நீ நாளைக்குக் கலியாணம் முடிச்சுப் போறவள்தானே, உன்னை என்னெண்டு நிரந்தரமா எழுதுறது?”

“நாளைக்கோ? எந்த நாளைக்கு? ஐஞ்சு வருஷமா எனக்கு ஒரு மாப்பிள்ளை பாத்தனீங்களோ? பாத்தால் உலை வைக்கிறதுக்கு ஆள் இல்லாமல் போயிடும்.”

“வாயைக் காட்டாதை!”

“வாய் இல்லையெண்டுதானே எழுதி வைச்சிருக்கிறியள்!”

ஜெகதீஸ்வரி உள்ளே இருந்து, “தாளிலை ஒரு பேர் இல்லாட்டில் என்ன மச்சாள், நாங்கள் உங்களைச் சாப்பிடாதையுங்கோ எண்டு சொன்னனாங்களோ?” என்று கேட்டாள். நல்லெண்ணத்தோடுதான் கேட்டாளாம். அன்று இரவு அன்னபாக்கியம் சாப்பிடவில்லை. அதை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவும் இல்லை.

புதன்கிழமை கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பன் அரிசி போடுகிற நாள். வழக்கம்போல ஆறு புத்தகத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அன்னபாக்கியம் போனாள். கடை மனேச்சர் வீரகத்தி, நெடுத்த மனிசன், அதிகம் பேசாதவர், படியை நிரப்பித் தடியால் வழிக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டார். அவர் பன்னிரண்டு கொத்துக்குச் சாக்கை விரித்தார்.

“பத்தை இதுக்குள்ளை போடுங்கோ” என்றாள் அன்னபாக்கியம். “இரண்டை என்ரை சீலைத் துண்டிலை போடுங்கோ. இனிமேல் ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான்.”

வீரகத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. பத்தையும் இரண்டையும் வேறுவேறாக அளந்து போட்டார். பக்கத்தில் நின்ற இரஞ்சிதத்துக்குத்தான் ஏன் என்று கேட்காமல் தொண்டை அரித்தது.

அன்னபாக்கியம் வீட்டுக்கு வந்து பத்துக் கொத்தையும் ஐந்து புத்தகத்தையும் குசினியில் வைத்தாள். வளவின் மூலையில், பாலைமரத்தடியில், மூன்று கல்லை உருட்டிவந்து அடுப்பு வைத்தாள். தன் அரிசியில் அரைக் கொத்தை உலையில் போட்டாள். பிடி எடுக்கவில்லை. அன்று அவள் ஒரு கோப்பை நிறையச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எல்லாருக்கும் முதலில் சாப்பிட்டாள். மரவேரில் குந்தியிருந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ஒரு வளவில் இரண்டு புகை எழும்பினால் பிறகு ஊருக்கு வேறு செய்தி தேவையில்லை. அண்ணன் தம்பி பிரிந்தால் வேறு உலை வைப்பார்கள், மாமி மருமகள் கொழுவினால் வைப்பார்கள். கலியாணமாகாத தங்கை அண்ணன் வளவுக்குள் தனி உலை வைத்த கதை யூனிற்றில் இல்லை. குளத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் நேர்வழியை விட்டு அந்த ரோட்டால் சுற்றிப் போனார்கள். சிலருக்கு ஒரே நாளில் மூன்று தரம் குளிக்கவேண்டியிருந்தது.

“கல்லைத் தூக்கி எறி!” என்று தில்லைநாதன் முற்றத்தில் நின்று கத்தினார். “சங்கக் காரியதரிசியின்ரை வளவு இது! ஞாயிற்றுக்கிழமை ஐயா வரப்போறார்!”

“வரட்டும். நீங்கள் ஐஞ்சு பேர் உள்ளுக்கை சாப்பிடுறியள். நான் அங்கத்தவர் இல்லை, வெளியிலை சாப்பிடுறன். கந்தோர் முறை.”

“உன்னைக் கூட்டியந்து சோறு போட்டதுக்கு…”

“ஆரின்ரை சோறு? என்ரை கூப்பன், என்ரை சோறு! இன்னொருக்கால் சோறு போட்டனான் எண்டு சொன்னியளோ, சங்கக்கடை வாசலிலை நிண்டு கணக்குச் சொல்லுவன்!”

பிறகு அவர் கத்தவில்லை. காலால் ஒரு கல்லைத் தட்டப் போனார். கல் சூடாக இருந்தது. அருந்ததி ஓடிவந்து தகப்பனின் காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள். அந்த எண்ணெயும் திட்டத்தில் இல்லாத செலவுதான்.

உள்ளே ஜெகதீஸ்வரி உலை வைத்தாள். அவள் சமையல் தெரியாதவள் அல்லள். ஆனால் திட்டத்துக்குச் சமைக்கத் தெரியாது. வியாழக்கிழமை முழுத் தேங்காய் உடைந்தது. வெள்ளிக்கிழமை சீனிப் பேணியின் அடி தெரிந்தது. சனிக்கிழமை சின்னவர்கள் இரண்டு பேரும் பாலைமரத்தடிக்கு வந்து, மாமியின் கோப்பைக்கு முன்னால் குந்தினார்கள். பிள்ளைகளுக்கு அவள் குழைத்துக் கொடுத்தாள். ஆனால் கல்லை எடுக்கவில்லை. தில்லைநாதன் அதைக் கண்டும் காணாதவர்போல மேடைப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு நடந்தார். புதன்கிழமையில் இருந்து வீட்டுக்குப் பத்துக் கொத்துத்தான் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். தாளைத் திருத்தி எழுதியிருக்கலாம். செப்பமாக எழுதிய தாளில் கீறி வெட்ட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடக் கொட்டில் நிறைந்துவிட்டது. போன முறை நாற்பது பேர். இந்த முறை நூற்றுக்கு மேல். செலவுத் திட்டத்தில் சனங்களுக்கு இவ்வளவு ஆர்வம் வந்துவிட்டதே என்று கந்தோர் ஐயா மகிழ்ந்து போனார். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். மேசையில் பூச்சாடி, அதற்குப் பக்கத்தில் ‘சேமிப்பு’த் தகரம்.

தில்லைநாதன் கச்சிதமாகப் பேசினார். சிக்கனம், ஒற்றுமை, பெண்களின் பொறுப்பு எல்லாம் வந்தன. பிறகு தாளை விரித்து வாசித்தார்.

“அங்கத்தவர் ஐவர். கிழமைக்கு வரும் கூப்பன் அரிசி பன்னிரண்டு கொத்து. செலவு பத்து. சேமிப்பு இரண்டு. அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி இதோ உங்கள் கண்ணுக்கு முன்னால்!” என்று தகரத்தைத் தட்டினார்.

கந்தோர் ஐயா கைதட்டினார். பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் எழுந்தது.

“அண்ணை, ஒரு கேள்வி.”

தில்லைநாதன் காது கேளாதவர்போலத் தாளை மடித்தார்.

“ஒரு புத்தகத்துக்கு இரண்டு கொத்து. ஐஞ்சு பேருக்குப் பன்னிரண்டு எப்பிடி வந்தது?”

ஆண்கள் பக்கத்தில் விரல்கள் மடிந்து விரிந்தன. வாயாடி அப்புத்துரை எழும்பினார். “அதுதானே! எங்கடை வீட்டிலையும் ஐஞ்சு பேர், பத்துத்தான் வருகுது. மந்திரியார் அந்த வித்தையை எனக்கும் சொல்லித் தரவேணும்!”

கொட்டில் சிரித்தது. கந்தோர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். செத்தவர்களின் கூப்பனை ஒப்படைக்காமல் வைத்து அரிசி எடுத்தவர்களுக்குக் நீதிமன்றத்தில் குற்றப்பணம் விழுந்துகொண்டிருந்த காலம்.

“காரியதரிசி, ஆறாவது புத்தகம் யாருடையது? உங்கள் வீட்டில் யாராவது காலமானார்களா?”

சிரிப்பு நின்றுவிட்டது. தில்லைநாதனின் முகம் வெளிறியது.

“ஐயோ, இல்லை ஐயா! செத்த ஆளின்ரை இல்லை. உயிரோடை இருக்கிற ஆள்தான்.”

“உயிரோடு இருந்தால் ஏன் ஐவர் என்று எழுதினீர்கள்?”

“அது… தங்கச்சி ஐயா. குடும்பம் எண்டு எழுதேக்கை…”

“தங்கை உங்களோடுதானே சாப்பிடுகிறார்?”

தில்லைநாதன் ஓம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆண்கள் பக்கத்துத் தூணடியில் இருந்து வீரகத்தி, அதிகம் பேசாத வீரகத்தி, தொண்டையைச் செருமினார். “இந்தக் கிழமை அவையின்ரை வீட்டுக்குப் பத்துத்தான் போனது ஐயா. இரண்டு வேறையாப் போனது. நான்தான் அளந்தனான்.”

“நான் இஞ்சை இருக்கிறன் ஐயா” என்றாள் அன்னபாக்கியம். அவள் எழும்பி நின்றிருந்தாள். “சாகேல்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்த வீட்டிலை சாப்பிட்டனான். எல்லாருக்கும் பிறகு சாப்பிட்டனான். இந்த ஆறு மாசமும் நாப்பத்திரண்டு ரூபாய்க்குள்ளை அடுப்பெரிச்சது நான். சீனியை அளந்தது நான். அண்ணை எழுதினவர், எழுதேக்கை என்னை விட்டிட்டு என்ரை அரிசியை எழுதினவர். அது போகட்டும். அந்தத் தகரத்துக்குள்ளை கிடக்கிறது மிச்சமில்லை. என்ரை பிடியரிசி!”

கூப்பன் கதைக்கு ஆண்கள்தான் பதறினார்கள். இந்தச் சொல்லுக்குப் பெண்கள் பக்கம் முழுதும் திரும்பியது. சிரித்துக்கொண்டிருந்தவளின் சிரிப்பு நின்றது.

“பிடியரிசியிலையோ கை வைச்சவர்?”

“இதைத்தான் முன்மாதிரி எண்டு எங்கடை மனிசருக்கும் படிப்பிக்கிறாரோ?”

“நாளைக்கு எல்லார் வீட்டுப் பானையும் கணக்கிலை ஏறும்!”

“எழும்பு இரஞ்சிதம், வீட்டை போய் என்ரை பானையைப் பாக்கவேணும்!”

அன்னபாக்கியம் மேசையடிக்குப் போனாள். தகரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பூச்சாடி சரிந்து தண்ணீர் தாளில் ஓடியது.

“வை கீழை!” என்று தில்லைநாதன் பல்லைக் கடித்தார். “ஊர் முழுக்கப் பாக்குது. மானம் போகுது!”

“உங்கடை மானம் உந்தத் தாளிலை கிடக்கு. நனைஞ்சுபோச்சு, வெயிலிலை காயப்போடுங்கோ.”

ஜெகதீஸ்வரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் தாய்வீட்டில் ஒரு பானை இருந்ததுதானே.

அன்னபாக்கியம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, நேரே சந்திக்கு நடந்தாள். முக்கால் மைல் தூரம். வழியில் ஒருவர் கொடுங்கோ நான் சுமக்கிறேன் என்று கேட்டார், கொடுக்கவில்லை. அப்துல் மஜீத் கடைவாசலில் நின்று, இடுப்பில் தகரமும் கண்ணில் நெருப்புமாக வருகிறவளைக் கண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

“இரி தங்கச்சி. தண்ணி குடி முதல்ல.”

“முதல்லை அளவுங்கோ காக்கா. பிறகு தண்ணி.”

அளந்தார். பதின்மூன்றரைக் கொத்து. அண்ணன் கவிழ்த்தபோது கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. அதைக் கோழி தின்றுவிட்டது. கால் ரூபாய் குறைந்தது. உள்ளே இருந்து மஸீனா, “கால் ரூபாய்க்கு எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தா, சரியாப் போகும்” என்றாள்.

அன்னபாக்கியம் அப்போதுதான் அழுதாள். சந்தோஷத்தில் என்று சொன்னவர்களும் உண்டு. அவளைக் கேட்டால், “ஆத்திரம்” என்றுதான் சொல்வாள். “எட்டு முழத்துக்கு ஆத்திரம் கிடந்தது, வெட்டித் தைச்சிருக்கலாம்.”

அண்ணன் வளவுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. இரஞ்சிதம் தன் வீட்டுப் பக்கத்து அறையைக் கொடுத்தாள். இரக்கம் ஒரு பங்கு, கதையைக் கிட்ட இருந்து கேட்கலாம் என்பது மூன்று பங்கு. ஆனால் வாடகை வாங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யூனிற்றுப் பெண்களின் சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காற்சட்டை எல்லாம் அந்த அறைக்குத்தான் வந்தன. தில்லைநாதன் மூன்று தரம் ஆளனுப்பினார். முதல்தரம் மன்னிக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். இரண்டாந்தரம் வரச்சொன்னார். மூன்றாந்தரம் தாளில் பெயரை எழுதிவிட்டேன் என்று சொல்லியனுப்பினார். மூன்றுக்கும் அவள் மெஷினை நிறுத்தாமலே “இல்லை” என்றாள்.

கந்தோர் ஐயா வழக்கு ஒன்றும் போடவில்லை, எச்சரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் சங்கத்தின் அடுத்த தெரிவில் தில்லைநாதனின் பெயரை எவரும் முன்மொழியவில்லை. குசினிச் சுவரில் தாள் கிடந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் ஒன்றுதான் மிஞ்சியது. அடுத்த வருடம் அவர் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, நெளுக்குளத்தில் ஜெகதீஸ்வரியின் தமையன் வீட்டுப் பக்கத்தில் குடிபோனார். அங்கே கடைச் சாமான் வாங்குவது ஜெகதீஸ்வரிதான் என்று கேள்வி. சுருட்டுக்கும் அவளிடம்தான் காசு கேட்கவேண்டுமாம்.

அன்னபாக்கியம் அறுபத்து நாலாம் ஆண்டு ஆவணியில் வீரகத்தியைக் கட்டினாள். அவர் பெண்சாதி செத்து ஆறு வருடமாகத் தனியாக இருந்தவர், சொந்த ஊர் நாயாற்றுப் பக்கம். சீதனம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன மறுமொழி கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். கலியாணத்துக்குத் தில்லைநாதன் வரவில்லை. ஜெகதீஸ்வரி அருந்ததியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு, மச்சாளின் கையைப் பிடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போனாள். அடுத்த தை மாதம் வீரகத்திக்கு முல்லைத்தீவுப் பக்கத்துச் சங்கக்கடை ஒன்றுக்கு மாற்றம் வந்தது. இரண்டு பேரும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு லொறியில் போய்விட்டார்கள். இரஞ்சிதம் அந்த அறையில் இப்போது வைக்கோல் அடைத்திருக்கிறாள்.